கிழப் பூனையும் பஸ்ஸை விட்டு இறங்காத துப்புரவாளரும்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது; உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில் காப்பகம் ஒன்றுக்குப் போனவரின் கண்ணில் பட்டது குட்டியல்ல, கூண்டின் மூலையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த பன்னிரண்டு வயதுக் கறுப்புப் பூனை. கூண்டில் தொங்கிய அட்டையில் ‘நாள்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை, கிரியேட்டினின் 2.4’ என்று எழுதியிருந்ததாம். (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் ஏறும்.)

அவருக்கு இரண்டு சந்தேகங்கள். “பூனை நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, நிறையச் சிறுநீர் போகிறது. சிறுநீரகம் கெட்டிருந்தால் சிறுநீர் குறையத்தானே வேண்டும்?” என்பது முதலாவது. இரண்டாவது அவருடைய மாமியாருடையது: “ஆறு மாதத்தில் உட்கார்ந்து அழுவதற்கா இதை வீட்டுக்குக் கொண்டுவருகிறாய்?”

முதல் சந்தேகத்தில் நானும் ஏமாந்தவன்தான். எங்கள் வீட்டுப் பூனை மிளகு காப்பகத்திலிருந்து வந்தபோது அதற்குப் பத்து வயது. முதலில் மணல் தட்டில், சிறுநீர் பட்டு மணல் கட்டிப்பட்ட எலுமிச்சை அளவு உருண்டைகள் கிடக்கும். ஓராண்டில் அவை சாத்துக்குடி அளவாயின. ‘வெயில் காலம், நிறையக் குடிக்கிறது, நல்லதுதானே’ என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த மாதங்களில் அதன் சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது.

சிறுநீரகத்தின் வேலையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம். பூனைக்கு இரண்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. வடிகட்டுவது எளிய பாதி. வடிந்த நீரில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுப்பதுதான் கடினமான பாதி. அதில் பூனை நம்மைவிடக் கெட்டிக்காரி. வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். எலியின் உடம்பில் இருக்கும் நீரையே குடிநீராக வைத்துக்கொண்டு காலம் தள்ளிய வம்சம் அது. நம் சிறுநீர் எவ்வளவு அடர்ந்தாலும் ரத்தத்தைப் போல நான்கைந்து மடங்கைத் தாண்டாது. பூனையால் பத்து மடங்கைத் தொட முடியும். பூனை மூத்திரத்தின் நாற்றத்துக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

நெஃப்ரான்கள் சாகச் சாக, மிஞ்சியவை ஒவ்வொன்றும் பல நெஃப்ரான்களின் பாரத்தைச் சுமக்கின்றன. குழலுக்குள் நீர் பாயும் வேகம் கூடுகிறது. நின்று நிதானித்து நீரைத் திரும்ப உறிஞ்ச நேரமில்லை. மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான்கள் போனபின் சிறுநீர் வெறும் தண்ணீர் போல ஆகிவிடும். கிரியேட்டினின் ஏறுவதோ முக்கால் பங்கு போன பிறகுதான். ஆக, நிறையச் சிறுநீர் போவது சிறுநீரகம் வேலை செய்வதற்கு அடையாளமல்ல. சேமிக்கத் தெரியாமல் போனதற்கு அடையாளம். பூனை ஓயாமல் குடிப்பது அந்த ஓட்டைப் பானையை நிரப்ப.

இதுவரை நாய்க்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். ஆனால் பத்து வயது தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஏன் பூனைக்கு மட்டும் இவ்வளவு? பாலைவனச் சிக்கனம், இறைச்சி உணவு, பல்நோய் என்று பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. என்னைச் சொக்கவைத்தது ஜப்பானிலிருந்து வந்த விளக்கம்.

தோரு மியாசாகி என்ற மருத்துவ ஆய்வாளர் 1999இல் ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதன் பெயர் ஏஐஎம். அதன் வேலை பல ஆண்டுகள் சரியாகப் பிடிபடவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் குழு எலிகளில் தொடர்ந்து பார்த்ததில், அது ஒரு துப்புரவாளர் என்று தெரியவந்தது.

சிறுநீரகத்தின் நுண்குழல்களை ஒரு குறுகிய சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நச்சோ, ரத்த ஓட்டக் குறைவோ, எதனாலோ குழலின் உட்சுவர்ச் செல்கள் கொத்தாகச் செத்து விழுகின்றன. சந்தின் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. அடைப்பை எடுக்காவிட்டால் அந்த நெஃப்ரானே பாழ். பிழைத்திருக்கும் அக்கம்பக்கத்துச் செல்கள் குப்பையை விழுங்கித் தீர்க்கக்கூடியவைதான். ஆனால் ‘இது குப்பை, விழுங்கு’ என்று யாராவது ஒட்டுச்சீட்டு ஒட்டவேண்டும். அந்தச் சீட்டுதான் ஏஐஎம். அது செத்த செல்களின் மேல் போய் ஒட்டுகிறது. சுவர்ச் செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிம்-1 என்ற கை அதைப் பிடித்து, குப்பையோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஏஐஎம் சிறிய புரதம். ரத்தத்தில் தனியாக அலைந்தால் சிறுநீரக வடிகட்டியின் வழியே ஒழுகி வீணாகிவிடும். எனவே அது சாதாரண நாட்களில் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த பஸ், ஐஜிஎம் என்ற ராட்சத எதிர்ப்பொருள். கிருமிகளை எதிர்ப்பதற்கென்று உடம்பு வைத்திருக்கும் அதே ஐஜிஎம்தான். ஐந்து துண்டுகள் வட்டமாகக் கோத்த உருவம். எவ்வளவு பெரிதென்றால், சிறுநீரக வடிகட்டியின் பக்கமே அதனால் போக முடியாது. பஸ் சந்துக்குள் நுழையாது.

அந்த இருக்கை இருக்கிறதே, அதை நான் ஒரு மாலை முழுவதும் படமாக வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஜிஎம் என்றால் ஐந்து இதழும் சம இடைவெளியில் விரிந்த நட்சத்திரம் என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் வரைந்தன. 2018இல் மியாசாகி குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. அது ஆறு இதழ் இருக்கவேண்டிய வட்டம், ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவது இதழின் இடத்தில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல ஏஐஎம் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை காலம் எல்லாரும் சமச்சீராக வரைந்த படத்தில் ஒரு பல் விழுந்த இடம் இருந்திருக்கிறது, அந்தப் பொக்கைக்கும் ஒரு பயன் இருந்திருக்கிறது!

சிறுநீரகம் அடிபட்டதும் ஏஐஎம் பஸ்ஸை விட்டு இறங்குகிறது. சிறியதாகையால் வடிகட்டியைத் தாண்டிச் சந்துக்குள் நடந்து போய்விடுகிறது. அடைப்பு அகல்கிறது. எலியில் இப்படி. மனிதனிலும் அது சிறுநீருக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

பூனையில்? 2016இல் அதே குழு வெளியிட்ட ஆய்வின்படி பூனையின் ரத்தத்திலும் ஏஐஎம் தாராளமாக இருக்கிறது. பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் பூனை ஏஐஎம்மின் ஒரு பகுதியில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் சில கூட்டமாகச் சேர்ந்திருக்கின்றன. அதனால் அது ஐஜிஎம்மை எலியின் புரதத்தைவிட ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. சந்து அடைத்துக்கொண்டாலும் துப்புரவாளர் இருக்கையில் பசை போட்டு ஒட்டியதுபோல உட்கார்ந்தே ஊர்சுற்றுகிறார், இறங்குவதில்லை. எலியின் ஏஐஎம் மரபணுவை எடுத்துவிட்டுப் பூனையினுடையதை வைத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளின் சிறுநீரகத்துக்குக் காயம் ஏற்பட்டபோது குப்பை அகலவில்லை, நிறைய எலிகள் செத்தன. இறங்கத் தெரிந்த ஏஐஎம்மை வெளியிலிருந்து செலுத்தியபோது பிழைத்தவை கூடின.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அந்தச் சோதனைகள் திடீர்ச் சிறுநீரகக் காயத்தைப் பற்றியவை. கிழப் பூனையின் நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிப்பது. சிறுசிறு காயங்கள் துப்புரவின்றிச் சேர்ந்து சேர்ந்து நாள்பட்ட நோயாகிறது என்பது பொருத்தமான ஊகம், எனக்குப் பிடித்த ஊகமும்கூட. ஆனால் எனக்குப் பிடித்திருப்பது சான்றாகாது. ஏஐஎம் ஊசி வந்துவிடும் என்று நம்பி இன்றைய மருந்தை நிறுத்துபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

கொரோனா காலத்தில் பணம் வறண்டு இந்த ஆய்வு நின்றுபோகும் நிலைக்கு வந்தது. 2021 ஜூலையில் அதைப் பற்றி ஒரு செய்தி வெளியானதும் ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். செப்டம்பர் நடுவில் ஏறத்தாழ 20 கோடி யென் சேர்ந்திருந்தது. படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது உண்மை. அடுத்த நிமிடம் எரிச்சலும் வந்தது. பூனைக்கு அழகான முகம் இருக்கிறது, வசூலாகிவிட்டது. ஈரல் புழுவையும் மாட்டின் மடிநோயையும் ஆராய்பவர் யார் முகத்தைக் காட்டி உண்டியல் ஏந்துவார்? பயன் என்னவென்றே தெரியாத ஒரு புரதத்தின் பின்னால் இத்தனை ஆண்டுகள் சுற்ற ஒருவரை அனுமதித்ததால் வந்த கண்டுபிடிப்பு இது. ‘இதனால் என்ன பயன்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் நம் ஊரில் எந்த விண்ணப்பம் நகரும்?

கறுப்புப் பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். மிளகு தினம் நாற்பது முறை எனக்குக் குறுக்கே போனது. கெட்டது அதன் சிறுநீரகம்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். ஓட்டைப் பானையை அடைக்க முடியாது, நிரப்பிக்கொண்டே இருக்கலாம். ஈர உணவு, வீட்டில் நாலைந்து இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், பாஸ்பரஸ் குறைத்த சிறுநீரக உணவு. இந்த உணவு மாற்றத்தைப் போல ஆயுளைக் கூட்டும் மருந்து இந்த நோய்க்கு அரிது. நம் வீடுகளில் அன்பின் அடையாளமாக ஊற்றும் பாலும் போடும் கருவாடும் இந்தப் பூனைக்கு ஆகாது: பாலில் பாஸ்பரஸ், கருவாட்டில் அதோடு உப்பும். ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம். கவனிக்காமல் விட்டால் ஒரே இரவில் பார்வை போய்விடும். பூ ஜாடியில் லில்லி மட்டும் கூடவே கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே நல்ல சிறுநீரகமும் சில நாட்களில் செயலிழந்துவிடும்.

நோய் முற்றியபின் சிலவற்றுக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றவேண்டிவரும். உங்கள் பூனைக்கு இப்போது தேவைப்படாது. தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும், இதயம் பலவீனமான பூனைக்கு அதுவே ஆபத்து. மிளகுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கினால் சின்னக் கூடாரம் போல எழும். ஊசியை அந்தக் கூடாரத்தின் வாசலில் நுழைக்கவேண்டும். முதல் முறை கூடாரத்தின் மறுபக்கமே வெளியே வந்துவிட்டது. சலைன் முழுவதும் என் வேட்டியில். ஐந்தாறு நிமிடத்தில் முதுகில் ஒட்டகத் திமில் போல வீக்கம் எழும். இரவில் அது சரிந்து ஒரு முன்னங்காலுக்குப் போய்விடும். ஒருபக்கம் கொழுத்த காலோடு காலையில் நொண்டாமல் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும். பிற்பகலுக்குள் திமில் எங்கே போனதென்று தெரியாது, ரத்தம் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். 1.6 முதல் 2.8 வரை கிரியேட்டினின் இருந்தால் அது நான்கில் இரண்டாம் நிலை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உங்கள் பூனையைப் போல இரண்டாம் நிலையின் பிற்பகுதியில் இருந்த பூனைகளில் பாதி சுமார் மூன்று ஆண்டுகள் கடந்தும் வாழ்ந்தன. மூன்றாம் நிலையில் அது இரண்டு ஆண்டுகளாகவும், நான்காம் நிலையில் மூன்று மாதமாகவும் குறைந்தது. இவை கூட்டத்தின் கணக்கு, உங்கள் பூனையின் ஜாதகமல்ல. ஆனாலும் மாமியார் சொல்லும் ஆறு மாதம் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் காப்பகத்திடம் இவற்றைக் கேளுங்கள். அந்த 2.4 எப்போது எடுத்தது, அதற்கு முன் எவ்வளவு இருந்தது? மெலிந்த பூனையில் கிரியேட்டினின் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தச் சோதனை பார்த்தார்களா? சிறுநீரில் புரதம் போகிறதா? ரத்த அழுத்தம் எவ்வளவு? பார்க்கவில்லை என்றால் அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள், முதல் மாதச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் மணல் தட்டில் எத்தனை உருண்டை, எவ்வளவு பெரிது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எலுமிச்சையா சாத்துக்குடியா என்று எழுதினால் போதும்.