லீன் என்றால் மெலிவா?

‘மெலிந்த மென்பொருள் உருவாக்கம்.’ விரயத்தையும் காத்திருப்பையும் குறைத்து வேலை செய்யும் லீன் (lean) முறைக்குத் தமிழாகப் பயிற்சி வகுப்புத் திரைகளில் இந்தத் தொடரை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. பக்கத்தில் இருந்த சோதனையாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எங்களில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம்?” அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். பிழை திரையில் இருந்தது.

ஆங்கில லீன், கொழுப்பில்லாத இறைச்சிக்கும் சதை தொங்காத உடம்புக்கும் சொல்வது. சாய்தலைக் குறிக்கும் லீன் வேறு சொல். ‘சாய்ந்த மேலாண்மை’ என்று இயந்திரம் மொழிபெயர்ப்பது அந்தக் குழப்பத்தால். டொயோட்டாவின் உற்பத்தி முறைக்கு 1988இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் ஆய்வாளர் ஜான் கிராஃப்சிக். மேரி, டாம் பாப்பன்டீக் இணையர் 2003இல் நூலெழுதி அதை மென்பொருள் உலகில் பரப்பினார்கள். பிறப்பு வரலாறு இவ்வளவு போதும்.

இனி மெலிவுக்கு வருவோம். தமிழில் மெலிவது நோயும் பசியும் வந்தால். வலியாருக்கு எதிர்ச்சொல் மெலியார். பிள்ளை மெலிந்துவிட்டான் என்று எந்தத் தாயும் மகிழ்ந்து சொல்வதில்லை. டொயோட்டாவிலோ, கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். கடைநிலை ஊழியருக்கு அத்தனை வலுக் கொடுத்த முறைக்கு வலுவிழப்பைக் குறிக்கும் சொல்லா? போதாக்குறைக்கு, ‘மெலிந்த மென்பொருள்’ என்று படிப்பவர் அளவில் சிறிய செயலி என்றே நினைப்பார்.

கிராஃப்சிக் லீன் ஆலைக்கு எதிரே நிறுத்திக் காட்டியது, கையிருப்பைக் குவித்து வைத்துக்கொண்டு ஓடும் ஆலையை. மென்பொருளில் கையிருப்பு என்பது பாதியில் நிற்கும் வேலை. எங்கள் குழுவில் ஒருமுறை ஒற்றை வரியைத் திருத்த அரை மணி நேரம் ஆனது. அது பயனர் கைக்குப் போய்ச் சேர 11 நாள் ஆனது. மறுபார்வைக்கு 4 நாள், சோதனைக் கணினி காலியாக 5 நாள், ஒப்புதலுக்கு 2 நாள். லீன் கை வைப்பது இந்தக் காத்திருப்பில்தான். ஆளைக் குறைத்தால் வரிசை இன்னும் நீளும்.

‘சிக்கன உற்பத்தி’ என்பாரும் உண்டு. மெலிவைவிட மேல், ஆனாலும் ஒட்டவில்லை. சிக்கனக்காரர் நாளைக்கு ஆகும் என்று சேர்த்து வைப்பார். டொயோட்டா முறையை வளர்த்த தாய்ச்சி ஓனோவோ, வேண்டுமுன்னே செய்து குவிப்பதையே விரயங்களில் மோசமானது என்றார். யாரும் கேட்காத வசதிகளை எழுதிச் சேர்க்கும் நிரலருக்கும் அது பொருந்தும்.

என் தெரிவு, கட்டுசெட்டு. கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்கிறோமே, அந்தச் சொல். பத்துப் பேருக்குச் செட்டாகச் சமைப்பவர் வீட்டில் பந்தியில் குறையும் வராது, மறுநாள் கொட்டவும் மிஞ்சாது. ‘கட்டு’ என்றதும் கட்டான உடம்பு நினைவுக்கு வருகிறது; ஆங்கிலச் சொல் முதலில் காட்டிய உடம்பும் அதுதான். செட்டுக்குச் சிக்கனம் என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டோடு சேரும்போது ஒழுங்கும் அளவும் முன்னே வந்துவிடுகின்றன. (உம்மைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ வேண்டாம்.) கட்டுசெட்டு முறை, கட்டுசெட்டான குழு என்று எழுதலாம். மென்பொருளுக்கு அடையாக மட்டும் ஒட்டாதீர்கள். கட்டுசெட்டாக இருக்க வேண்டியது வேலை நடக்கும் விதம்.

இது அடுக்களைச் சொல், அலுவலகத்துக்கு எடுபடாது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதிட்டார். ‘மெலிந்த’ போல, அகராதியில் முதல் பொருளை எடுத்து ‘ந்த’ சேர்த்தால்தான் கலைச்சொல் ஆகும் என்ற பழக்கம் நம்மிடம் வேரோடிவிட்டது. கான்பான் என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்றே பொருள். கடை வாசலில் தொங்கும் பலகையின் பெயரை, அடுத்து எது வேண்டும் என்று சொல்லும் தன் அட்டைகளுக்கு டொயோட்டா கூசாமல் எடுத்துக்கொண்டது. நம் அடுக்களைச் சொல்லுக்கு என்ன குறை?

அடுத்த வகுப்புக்கான திரைகளைத் திருத்தும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் திரையில் ‘கட்டுசெட்டு முறை’ என்று எழுதி, அதன் கீழே அந்த 11 நாள்களை வரிசையாகப் போட்டிருக்கிறேன்.