பத்தொன்பது பேரும் ஐந்து பேரும்

நியூசிலாந்துக்குத் தெற்கே சுமார் 460 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கு நடுவில் கிடக்கின்றன ஆக்லாந்து தீவுகள். ஓயாத காற்று, ஓயாத மழை, தவழ்ந்துதான் நுழைய முடிகிற புதர்க்காடு. 1864 ஜனவரியில் ‘கிராஃப்டன்’ என்ற சின்னப் பாய்மரக் கப்பல் புயலில் சிக்கி அங்கே தென்கோடியில் தரைதட்டியது. கரையேறியவர்கள் ஐந்து பேர். நான்கு மாதம் கழித்து அதே தீவின் வடமேற்குக் கரையில் ‘இன்வர்கால்ட்’ என்ற பெரிய கப்பல் பாறையில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 25 பேரில் 19 பேர் கரை சேர்ந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மலை. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

அந்த ஐந்து பேரும் ஒன்றரை வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. பத்தொன்பது பேரில், ஓராண்டு கழித்து அந்தப் பக்கம் வந்த கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது மூன்றே மூன்று பேரை.

இந்தக் கதையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் பிரெப்பர்கள். அணுகுண்டு, கொள்ளைநோய், மின்சாரம் மொத்தமாக நின்றுபோவது என்று ஏதோ ஒன்றில் சமூகமே சரிந்துவிடும் என எதிர்பார்த்து, டப்பா உணவும் விதையும் மருந்தும் சேர்த்துவைக்கும் அமெரிக்கர்கள். (தமிழில் ‘பிழைப்புவாதிகள்’ என்று எழுதிப் பார்த்தேன். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிறவர்தான் கண்முன் வந்தார். பிரெப்பர் என்றே இருக்கட்டும்.) இவர்களுக்குள் 1970களிலிருந்தே தீராத ஒரு வழக்கு உண்டு. ஆளில்லாத மலையில் குடும்பத்தோடு தனியாகப் பதுங்குவதா, இல்லை ஒரு சின்ன ஊரில் நாலு பேரோடு சேர்ந்திருப்பதா? தனியாகப் போனால் பங்கு கேட்க ஆளில்லை, சண்டையில்லை, துரோகமில்லை. சேர்ந்திருந்தால் கை அதிகம். ஆனால் வாயும் அதிகம். இது அவரவர் மனசைப் பொறுத்த விஷயம் என்றுதான் தோன்றும். உண்மையில் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

டான்சானியாவில் ஹாட்ஸா என்ற வேட்டைச் சமூகம் உண்டு. அங்கே ஒரு நல்ல வேட்டைக்காரருக்கும் பெரிய விலங்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றுதான் விழுகிறது. மற்ற நாளெல்லாம் வெறுங்கைதான். இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் விலங்கு கிடைக்கும் வாய்ப்பு முப்பதில் ஒன்று என்றால், தனியாக வேட்டையாடுகிறவருக்கு முப்பது நாளும் ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம். மூன்று மாதத்தில் ஒரு மாதம் பட்டினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆள் தன்னைப் போன்ற நால்வரோடு சேர்ந்து, யாருக்குக் கிடைத்தாலும் பகிர்வது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், ஐவருக்கும் சேர்த்து முப்பது நாளும் ஏமாற்றமாகும் வாய்ப்பு சுமார் 0.6 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

தலைக்குக் கிடைக்கிற கறியின் சராசரி ஒரு கிராம்கூடக் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து பேர் வேட்டையாடுகிறார்கள், ஐந்து பேர் தின்கிறார்கள். மாறியது ஏற்ற இறக்கம் மட்டும். ஆனால் மனிதன் சராசரி குறைந்து சாவதில்லை. வரிசையாக நாலு வாரம் ஒன்றும் இல்லாமல்தான் சாகிறான். காப்பீட்டு நிறுவனங்கள் பிழைப்பு நடத்துவதும் இதே கணக்கில்தான். அவரவர் அதிர்ஷ்டம் தனித்தனியாக இருந்தால், ஏற்ற இறக்கம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். நான்கு பேர் சேர்ந்தால் பாதியாகும். அதையும் பாதியாக்கப் பதினாறு பேர் வேண்டும், மறுபடி பாதியாக்க அறுபத்துநான்கு பேர். லாபத்தில் பெரும்பகுதி முதல் சில ஆட்களிலேயே வந்துவிடுகிறது. ஆயிரம் பேர் கொண்ட கோட்டை எதுவும் தேவையில்லை.

காவலும் இப்படித்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பேர் முறைபோட்டு விழித்திருந்தால் ஆளுக்கு 56 மணி நேரம் அதிலேயே போய்விடும், அப்புறம் யார் தோட்டம் கொத்துவது? பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு 14 மணி. தனியாள் என்றால் கணக்கே கிடையாது. தூங்கித்தானே ஆக வேண்டும்.

சரி, தனியாக இருந்தே காட்டியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். லிக்கோவ் குடும்பம். ரஷ்யாவின் பழைய நம்பிக்கைக்காரர்கள் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1936இல் கார்ப் லிக்கோவின் சகோதரர் அவர் கண்ணெதிரே சுட்டுக்கொல்லப்பட்டார். மனைவி அக்குலினாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கார்ப் சைபீரியக் காட்டுக்குள் போனார். இன்னும் இரண்டு பிள்ளைகள் காட்டிலேயே பிறந்தன. 1978இல் ஹெலிகாப்டரில் போன நிலவியலாளர்கள், மிக அருகிலிருந்த ஊரே 240 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு மலைச்சரிவில் பயிர் வரிசைகளைப் பார்த்துத் திகைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்து முடிந்ததே அந்த வீட்டுக்குத் தெரியாது.

பிரெப்பர்களுக்கு இவர்கள் குலதெய்வம் மாதிரி. ஆனால் அந்த 42 வருடத்தையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கொண்டுபோன கெண்டிகள் துருப்பிடித்து உதிர்ந்தன. உலோகம் உருக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் பிர்ச் மரப்பட்டையில் பாத்திரம் செய்தார்கள். அதை நெருப்பில் வைக்க முடியாதே, சமையலே சுருங்கிப்போனது. உப்பு இல்லை. உருளைக்கிழங்கோடு ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவும் சணல் விதையும் கலந்து தட்டியதுதான் சாப்பாடு. 1961இல் ஜூன் மாதம் பனி கொட்டித் தோட்டம் முழுவதும் கருகியது. செருப்புத் தோலையும் மரப்பட்டையையும் தின்றார்கள். இருந்த கொஞ்சத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு அக்குலினா அந்த வருடம் பட்டினியால் இறந்தார். ரைப் பயிர் அற்றே போயிற்று என்ற நிலையில், பயற்றுப் பாத்தியில் தானாக ஒரே ஒரு தாள் முளைத்தது. சுற்றி வேலிகட்டி, எலியும் அணிலும் அண்டாமல் இரவுபகலாகக் காவலிருந்தார்கள். அந்தக் கதிரில் தேறியவை 18 மணிகள். அதிலிருந்துதான் ரை விவசாயத்தை மறுபடி தொடங்கினார்கள்.

பதினெட்டு மணி. ஓர் எலி போதும். நம் ஊர்ப் பக்கமாக இருந்தால் அடுத்த வீட்டில் ஒரு படி விதை கடன் வாங்கியிருப்பார்கள். அந்தக் குடும்பத்தின் உழைப்பிலும் உறுதியிலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்களிடம் இல்லாதது அடுத்த வீடு.

தொழிலறிவும் சேமித்துவைக்க வேண்டிய சரக்குதான், அதன் களஞ்சியம் ஆட்களின் தலை. வடமேற்குக் கிரீன்லாந்தில் வாழ்ந்த இனுயிட் மக்களை 1820களில் ஒரு கொள்ளைநோய் தாக்கியது. போனவர்களில் பலர் பெரியவர்கள். அவர்களோடு கயாக் படகு கட்டும் வித்தை போனது, வில்லும் அம்பும் போயின, மீன் குத்தும் சூலம் போனது. மிச்சமிருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை; ஆனால் ஒரு படகை வெறும் யோசனையிலிருந்து மறுபடி உருவாக்க ஒரு தலைமுறை போதாது. 1860களில் பாஃபின் தீவிலிருந்து வேறு இனுயிட் குழு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கருவிகள் திரும்பின. கேட்கிறவருக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ அரிசி என்ற பட்டியலை ஒப்பிக்கும் பிரெப்பர், பல் பிடுங்கத் தெரிந்தவர் பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருப்பாரா தெரியவில்லை.

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘அவரவர் அதிர்ஷ்டம் தனித்தனியாக இருந்தால்’ என்றேன். ஜூன் மாதப் பனி தனித்தனியாக விழாது. லிக்கோவ் வீட்டுக்குப் பக்கத்தில் பத்து வீடு இருந்திருந்தால் பத்துத் தோட்டமும் சேர்ந்தே கருகியிருக்கும். ஒரே பள்ளத்தாக்கில் நூறு பேர் கூடி வாழ்வது கால் முறிவுக்கும் காய்ச்சலுக்கும் காப்பீடு. வறட்சிக்கும் பனிக்கும் இல்லை. அதற்கு வேறு மழை பெய்கிற இடத்தில் சொந்தம் வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் இடையர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களிடம் ‘ஒசோத்துவா’ என்ற உறவுமுறை உண்டு. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே தொப்புள்கொடி என்பதுதான்! வறட்சியிலோ நோயிலோ மந்தையை இழந்தவர் ஒசோத்துவாக்காரரிடம் மாடு கேட்கலாம். உண்மையிலேயே தேவை இருந்தால்தான் கேட்க வேண்டும், தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. தன் மந்தைக்கே மோசம் வராது என்றால் மற்றவர் கொடுத்தே ஆக வேண்டும். கடன் இல்லை, கணக்கு இல்லை, வட்டி இல்லை. ஆய்வாளர்கள் இந்த விதிகளைக் கணினியில் ஏற்றி, கற்பனை மந்தைகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தனித்தனியாக இருந்த மந்தைகளைவிட ஒசோத்துவா உள்ள மந்தைகள் நீண்ட காலம் நிலைத்தன. கலஹாரிப் பாலைவனத்து ஜுஹோன்சி மக்களும் நெடுந்தூரத்தில் இருப்பவர்களோடு ஆண்டுக்கணக்கில் சின்னச் சின்னப் பரிசுகளை மாற்றிக்கொள்கிறார்கள். 1974இல் ஒரு பகுதியில் விளைச்சல் பொய்த்தபோது பலர் மூட்டைகட்டி அந்தப் பரிசுக்காரர்களின் ஊருக்கு நடந்தார்கள். பாசிமணி மாலை சாப்பாடாக மாறிய நாள்.

தனிமை ஜெயிக்கிற இடமும் உண்டு. தொற்றுநோய். 1918 நவம்பரில் ஒரு கப்பல் இன்ஃப்ளுயன்ஸாவை மேற்குச் சமோவாவில் இறக்கிவிட்டுப் போனது. ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்திலிருந்த அமெரிக்கச் சமோவா துறைமுகத்தை அடைத்தது, அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் அந்தத் தனிமையைத் தனியாள் காக்கவில்லை. உள்ளூர் மக்கள் முறைபோட்டுக் கரையைச் சுற்றிவந்து எந்தப் படகும் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது தீவுக்குத் திரும்பலாம். ஆள் பலம்தான் எல்லாம் என்றால் பத்தொன்பது பேர் அல்லவா பிழைத்திருக்க வேண்டும்?

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது: இரண்டு கூட்டத்துக்கும் சமமான தொடக்கம் இல்லை. கிராஃப்டன் கோடையில், கடற்சிங்கங்கள் மண்டிய ஒரு குடாவில் உடைந்தது. கப்பல் அப்படியே கரையோரம் கிடந்ததால் மரம், பாய், கருவி எல்லாம் எடுக்க முடிந்தது. இன்வர்கால்ட் குளிர்காலத் தொடக்கத்தில் செங்குத்துப் பாறையடியில் சிதறியது. கொஞ்சம் பிஸ்கெட்டும் பன்றிக்கறியும் ஒதுங்கியதோடு சரி. இதை மறைத்துவிட்டு ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுதுவது ஏமாற்று வேலை.

இருந்தாலும் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கிராஃப்டன்காரர்கள் மரவீடு கட்டினார்கள். பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா ரேனால் சிப்பியைச் சுட்டு சுண்ணாம்புக் காரை செய்து புகைபோக்கி எழுப்பினார். சாம்பலிலும் கடற்சிங்கக் கொழுப்பிலும் சோப்பு காய்ச்சினார். சில மாதத்திலேயே ஆளுக்கு ஆள் முறைப்பு தொடங்கியது. அப்போது ரேனால் ஒரு யோசனை சொன்னார்: கேப்டன் பதவி கப்பலோடு போயிற்று, நாமே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்போம், சரியில்லை என்றால் நாமே இறக்குவோம். ஓட்டுப்போட்டு கேப்டன் மஸ்கிரேவையே தேர்ந்தெடுத்தார்கள். விதிகளை எழுதிவைத்து ஞாயிறுதோறும் வாசித்தார்கள். சமையல் முறைவைத்து மாறியது. மாலையில் ஒருவருக்கொருவர் மொழியும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பொழுதுபோக்கச் செய்த சீட்டுக்கட்டால் சண்டை வந்தபோது ரேனால் அதைத் தூக்கி நெருப்பில் போட்டார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.

இன்வர்கால்ட்காரர்கள் பிரிந்து பிரிந்து போனார்கள். நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். கேப்டன் பேருக்குக் கேப்டனாக இருந்தார். சாப்பாடு தேடி முன்னால் நடந்தவர் ராபர்ட் ஹோல்டிங் என்ற சாதாரண மாலுமி. பிழைத்த மூவரில் அவரும் ஒருவர்.

ஆள் கூடினால் மட்டும் ஏன் போதவில்லை என்பதற்கு ஆய்வகத்தில் ஒரு விளையாட்டு உண்டு. நான்கு பேரிடம் காசு கொடுத்து, பொதுப்பானையில் போடுவது பெருகி எல்லோருக்கும் சமமாகப் பிரியும் என்பார்கள். முதல் சுற்றில் பலரும் தாராளமாகப் போடுவார்கள். ஒருவர் போடாமலே பங்கு வாங்குவதைப் பார்த்ததும் மற்றவர்களும் கையை மூடிக்கொள்வார்கள்; பத்துச் சுற்றுக்குள் பானை காய்ந்துவிடும். ஏமாற்றுகிறவருக்கு அபராதம் போட வழி வைத்தால் பானை மறுபடி நிறையும். நிஜ ஊர்களிலும் அப்படித்தான் என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். பொதுச்சொத்தை நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றிய ஊர்களில் அவர் கண்டது: விதியைப் போட்டவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள், கண்காணிப்பதும் அவர்களே, முதல் தப்புக்குத் தண்டனை சின்னதாகவே இருக்கும். ஐந்து மாலுமிகள் யாரும் சொல்லித்தராமல் வந்து சேர்ந்த இடமும் ஏறத்தாழ அதுதான்.

1865 ஜூலையில் கிராஃப்டனின் சின்னப் படகைச் செப்பனிட்டார்கள். அதில் மூன்று பேருக்குத்தான் இடம். மஸ்கிரேவும் ரேனாலும் இன்னொருவரும் ஐந்து நாள் கடலில் அல்லாடி நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவைச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்த இருவரையும் கூட்டிவர மஸ்கிரேவ் வேறொரு படகில் உடனே திரும்பினார். அந்தப் பயணத்தில்தான், இடிந்த ஒரு குடிசையோரம் முன்பின் தெரியாத ஒரு மனிதனின் சடலத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் எழுத்து அழிந்த ஒரு சிலேட்டுப் பலகை.

இருவரும் உயிரோடு இருந்தார்கள். மஸ்கிரேவ் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு, தீவில் தனித்தனியாக வாழப் பிரிகிற நிலையில் இருந்தார்களாம்.