சாய்வுதான் கதவு

சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ஆனால் கைக்குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல். இப்படிக் காரணம் தெரியாமல் அடிக்கும் காய்ச்சலுக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம்; சிறுநீரைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. எரிகிறது, கடுக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தை என்ன செய்யும்? அழும், பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும். சில குழந்தைகளுக்கு எடை ஏறாமல் நிற்பது மட்டுமே அடையாளம்.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையின் சுவரை நேராகத் துளைத்துக்கொண்டு நுழைவதில்லை. சுவருக்குள்ளேயே சிறிது தூரம் சாய்வாகப் படுத்து வந்து, பிறகுதான் திறக்கிறது. பை நிரம்ப நிரம்ப, உள்ளே ஏறும் அழுத்தம் படுத்திருக்கும் குழாயை நசுக்கி மூடிவிடும். தனியாகக் கதவு என்று ஒன்றும் கிடையாது. அந்தச் சாய்வுதான் கதவு. பாக்வின் என்ற அறுவை மருத்துவர் 1959-ல் எழுதிய கணக்குப்படி, இயல்பான குழந்தைகளில் படுத்திருக்கும் பகுதியின் நீளம் குழாயின் விட்டத்தைப்போல் சுமார் 5 மடங்கு. இது குட்டையாக இருந்தால் கதவு சரியாக மூடாது. சிறுநீர் மேலே திரும்பி ஏறும். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் பின்னோட்டம் இருக்கிறது. லேசானதாக இருந்தால், குழந்தை வளரும்போது அந்தப் பகுதியும் நீண்டு, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

கிருமியில்லாத சிறுநீர் லேசாகத் திரும்பி ஏறுவதால் பொதுவாகப் பெரிய கேடில்லை. அதோடு ஈ.கோலை பாக்டீரியாவும் ஏறினால்தான் ஆபத்து. குடலில் வாழும் இந்தக் கிருமியின் உடலில் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் உண்டு. அவற்றால் பாதையின் உட்சுவரைப் பற்றிக்கொள்வதால் சிறுநீரோட்டம் அதை எளிதில் அடித்துச் செல்ல முடிவதில்லை.

சிறுநீரகத்துக்குள்ளும் ஒரு தடுப்பு இருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும். அங்கே சிறுநீர் சொட்டும் முனைகளில் பெரும்பாலானவை கூம்பு வடிவம். அவற்றின் துளைகள் சாய்ந்த கீறல் போன்றவை; அழுத்தம் வந்தால் மூடிக்கொள்ளும். மேல், கீழ் ஓரங்களில் மட்டும் பல முனைகள் ஒன்றாக ஒட்டித் தட்டையாக இருக்கும். அவற்றின் துளைகள் அகலமானவை, மூடாதவை. தொற்றுத் தழும்புகள் பெரும்பாலும் சிறுநீரகத்தின் இரு ஓரங்களிலும் காணப்படுவது இதனால்தான்.

தழும்பை உண்டாக்குவது கிருமி மட்டுமல்ல. அதை எதிர்க்கப் பாய்ந்து வரும் வெள்ளணுக்கள் கக்கும் பொருள்களும் பக்கத்துத் திசுவை அரிக்கின்றன. ஒரு சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் சராசரியாக 10 லட்சம். இவை கருவின் 36-வது வார வாக்கிலேயே உருவாகி முடிந்துவிடும். அதன்பின் புதிதாக ஒன்றும் முளைக்காது. இருப்பவை இழந்தவற்றின் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். தழும்பு பெரிதாக இருந்தால், ஆண்டுகள் கழித்து உயர் ரத்த அழுத்தமாகவோ சிறுநீரில் புரதமாகவோ அது வெளிப்படலாம்.

ஆகவே நேரம் முக்கியம். காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்குமேல் சிகிச்சை தள்ளிப்போனால் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது. அதே அவசரத்தில், ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்பே கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போனபின் கிருமி வளர்ந்து காட்டாது. தோலில் பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமிகளும் கலந்துவிடும் என்பதால், அதை வைத்து மட்டும் தொற்று என்று முடிவு கட்டக்கூடாது.

மலச்சிக்கலைப் பலரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இறுகிய மலம் நிறைந்த குடல் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்த, பை முழுதாகக் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். அடிக்கடி தொற்று வரும் குழந்தைக்கு மலச்சிக்கலைச் சரிசெய்தாலே பல நேரம் தொற்று குறைந்துவிடுகிறது.