பீதி: தமிழில் வெருட்சி, வெருட்டு

'பீதி' வடசொல். அஞ்சுதலைக் குறிக்கும் வடமொழி வினையடியிலிருந்து வந்தது. நாம் தினமும் சொல்லும் 'பயம்' கூட அதே அடியில் பிறந்ததுதான். பொருள் பேரச்சம், நடுக்கம். இவ்வளவில் விட்டுவிடலாம். ஆனால் காவிரிப் படுகையில் இந்தச் சொல்லை வைத்து நடந்த அரசியலைப் பார்த்தவர்களால் அப்படி விட முடியாது.

"பீதியைக் கிளப்புகிறார்கள்." நிலத்தடியிலிருந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டம் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று எந்தப் பெயரில் வந்தாலும், கேள்வி கேட்ட விவசாயியை நோக்கி ஆளும் தரப்பு வீசும் வாக்கியம் இது. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. தண்ணீர் கெட்டுவிடுமோ என்று ஊர் கூடிக் கேட்டது. தடியடியும் கைதும்தான் கிடைத்தன. அடுத்த மாதமே, இந்தப் போராட்டங்களை ஆதரித்துச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் காட்டி 1982இல் கொண்டுவந்த சட்டம் அது. பிறகு உயர் நீதிமன்றம் அந்த மாணவியின் தடுப்புக் காவல் ஆணையை ரத்து செய்தது.

சரி, இதில் யார் யாரைப் பயமுறுத்தினார்கள்? 'பீதி' அதைச் சொல்லாது. "மக்களிடையே பீதி நிலவுகிறது" என்றால் பனி மூடியதுபோலத் தானாக வந்துவிட்டது என்றே படுகிறது.

தமிழில் இதற்கு அருமையான வேர் ஒன்று உண்டு: வெரு. வெருவுதல், வெருளுதல் என்றால் அஞ்சுதல். அந்த அச்சம் வெருட்சி. உருள், உருட்டு என்பதுபோல வெருள், வெருட்டு. வெருட்டுதல் என்றால் இன்னொருவரை அஞ்சவைத்தல். அஞ்சியவர் வேறு, அஞ்சவைத்தவர் வேறு என்று வினையே பிரித்துக் காட்டிவிடுகிறது. ஈழத்தில் இன்றும் 'வெருட்டாதே' என்பது வீட்டுப் பேச்சு. கொள்ளிடக் கரையில் கத்தரிக் கொல்லைக்கு நடுவே கிழிந்த சட்டை மாட்டி, பானையில் சுண்ணாம்புப் புள்ளி குத்தி நிறுத்துகிறோமே, அந்தப் பொம்மைக்கும் 'வெருளி' என்ற பெயர் உண்டு.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை". பேய், மிருகம், திருடன், அப்புறம் தன்னை ஆளும் தலைவன். ஆட்சியாளரைத் திருடனுக்குப் பக்கத்தில் வைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். திருக்குறளின் 57ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'வெருவந்த செய்யாமை'. குடிமக்கள் நடுங்கும் செயலை ஆள்பவர் செய்யாதிருப்பது என்று பொருள்.

வெருட்டு பெரும்பாலும் தனியாக வராது. உள்ளொன்று புறமொன்றாக நடக்கும் 'படிறு' கூடவே வரும். மன்னார்குடிப் பகுதி மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது தி.மு.க. ஆட்சி, எதிர்க்கட்சியானதும் அதே திட்டத்தை எதிர்த்தது. கதிராமங்கலத்தில் தடியெடுத்த அ.தி.மு.க. அரசோ, 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ஊர் சொன்னபோது பீதி. மூன்றே ஆண்டில் அதுவே அரசின் அக்கறை!

வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு 'பேரச்சம்', 'வெருட்சி' போதும். ஆட்சியோ கட்சியோ திட்டமிட்டுச் செய்வதற்கு 'வெருட்டு அரசியல்' என்றே எழுதலாம். "கதிராமங்கலத்தில் பீதி" என்று எழுதினால் செய்தி அங்கேயே முடிந்துவிடும். "கதிராமங்கலம் மக்களை வெருட்டினார்கள்" என்று எழுதினால், யார் என்பதை அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும்.