சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்று கேளுங்கள்

ஆலோசனைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் தற்கொலை எண்ணத்தைப் பற்றிச் சொல்வது அபூர்வம். தூக்கமில்லை, தலைவலி, எதிலும் பிடிப்பில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிரித்துப் பேசுகிறவர்களும் உண்டு. "சாக வேண்டும்போல் தோன்றுகிறதா?" என்று நான் நேரடியாகக் கேட்ட பிறகுதான் பலருக்கு அழுகையே வரும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். இதை ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. உள்ளே அடக்கிவைத்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் பலருக்கு.

தாங்க முடியாத மனவலிதான் தற்கொலையின் அடிவேர் என்றார் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். நான் பார்ப்பதும் அதுதான். சாக விரும்புவதைவிட, இந்த வலி நின்றால் போதும் என்பதே அவர்களின் தவிப்பு. ஒரு மனம் போய்விடலாம் என்னும், இன்னொரு மனம் யாராவது தடுக்க மாட்டார்களா என்று ஏங்கும்.

அதிகம் கவனிக்க வேண்டிய பேச்சு ஒன்று உண்டு: "நான் இல்லையென்றால் நீங்களாவது நிம்மதியாக இருப்பீர்கள்." கேட்க அக்கறைபோல் இருக்கும். தன்னை எல்லோருக்கும் பாரமாக நினைக்கும் மனம் பேசுவது அது. அவரிடம் போய் "பிள்ளைகளை நினைத்துப் பார், உனக்கென்ன குறைச்சல்?" என்றால் குற்ற உணர்ச்சிதான் கூடும். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? சொல்லு, கேட்கிறேன்" என்பதே போதும். புத்திமதி அப்புறம்.

நெடுநாள் துவண்டு கிடந்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியானாலும், நேசித்த பொருள்களை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாலும் அசட்டையாக விடாதீர்கள். முடிவெடுத்துவிட்ட அமைதியாக இருக்கலாம். தனியே விடாமல் கூடவே இருங்கள். உயிருக்கு ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துங்கள். அந்த எண்ணத்தின் உச்ச வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது; அந்த நேரத்தைக் கடத்திவிடுவதே பெரிய உதவி. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள். மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை துணை வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றுகிறதா? காரணத்தையெல்லாம் கோவையாக விளக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் "எனக்குச் சாக வேண்டும்போல் இருக்கிறது, கூட இரு" என்று இப்போதே சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.