இடதுபுறம் போக வலதுபுறம் திருப்பு

ஏழு வயது மகளை மினி பைக் பந்தயப் பயிற்சியில் சேர்த்திருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “இடதுபுறம் திரும்ப வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் தள்ளு என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கிறார். அப்படித் தள்ளினால் சக்கரம் வலதுபுறமல்லவா திரும்பும்? அவர் தப்பாகச் சொல்கிறாரா, எனக்குத்தான் புரியவில்லையா?”

பயிற்சியாளர் சொல்வது சரி. அந்தத் தாய் கவனித்ததும் சரி. சக்கரம் முதலில் வலதுபுறம்தான் திரும்புகிறது. வண்டி இடதுபுறம் போகிறது. இதைப் பற்றி எழுத யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் வெகுநாளாகக் காத்திருந்தேன்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. பெரியவர்களின் முழங்கால் உயரத்தை ஒட்டி நிற்கும் மினி பைக்கில் பெரும்பாலும் 40 சிசி அளவில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரே கியர், பின்சக்கரத்துக்கு ஒரு செயின். கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகமெடுத்தால் உள்ளே சுழலும் கட்டைகள் வெளிப்புறமாக விரிந்து டிரம்மைக் கவ்வும். வேகம் தணிந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழந்தைக்கு ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மட்டுமே வேலை. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதைப் பெற்றோர் ஒரு திருகை வைத்துக் கட்டுப்படுத்தலாம். மணிக்கட்டில் கட்டிய கயிறு பிடுங்கப்பட்டால் எஞ்சின் அணைந்துவிடும். இனி ஹேண்டில்பாருக்கு வருவோம்.

ஒரு நீளமான கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதை விழாமல் இடதுபுறமாகக் கொண்டுபோக வேண்டும். கையைச் சட்டென்று இடதுபுறம் நகர்த்தினால் கம்பின் தலை பின்தங்கி, வலதுபுறம் சாய்ந்து விழுந்துவிடும். இரண்டு மூன்று முறை முயன்ற பிறகு கை தானாகவே ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொள்கிறது: முதலில் வலதுபுறம் ஒரு சின்ன வெட்டு. கம்பின் தலை இடதுபுறம் சாய்கிறது. சாய்ந்த பிறகு, அதைத் துரத்திக்கொண்டு கை இடதுபுறம் ஓடுகிறது.

இந்தக் கம்புதான் பைக்கும் அதன்மேல் அமர்ந்திருக்கும் குழந்தையும். உள்ளங்கை இருக்கும் இடத்தில் டயர் தரையைத் தொடும் இடத்தை வையுங்கள். இடது கைப்பிடியை முன்னால் தள்ளியதும் முன்சக்கரம் வலதுபுறம் திரும்புகிறது. டயர்கள் எடைக்கு அடியிலிருந்து வலதுபுறமாக நழுவி வெளியே போகின்றன. காலடியில் விரிப்பை உருவியதுபோல, மேலே இருக்கும் எடை இடதுபுறம் சாயத் தொடங்குகிறது. சாய்ந்ததும் முன்சக்கரம் சாய்ந்த பக்கமே திரும்பிக்கொள்ள, வண்டி இடதுபுற வளைவுக்குள் நுழைகிறது. வளைவு அந்த வீழ்ச்சியைத் தாங்கிப் பிடிக்கிறது. வளைவிலிருந்து வெளியே வர இதையே திருப்பிச் செய்ய வேண்டும்: சக்கரத்தை வளைவுக்குள் இன்னும் கொஞ்சம் திருப்பினால் டயர்கள் எடைக்கு அடியில் வந்து சேர்ந்து வண்டியை நிமிர்த்திவிடும். முதல் வெட்டு ஒரு நொடியில் சிறு பங்குதான் நீடிக்கும். கோண அளவும் மிகச் சிறியது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. கவுன்டர்ஸ்டீயரிங் என்று இதற்குப் பெயர். எதிர்த்திருப்பம் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1869இலேயே இதை எழுதிவிட்டார். விமானத்துக்குப் பேர்போன வில்பர் ரைட் சைக்கிள் கடையும் நடத்தியவர். இடதுபுறம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் டஜன் கணக்கான சைக்கிள் ஓட்டிகளைக் கேட்டிருக்கிறார்; முதல் கேள்வியிலேயே முழுமையாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லையாம். ஏறக்குறைய எல்லோரும் இடதுபுறம் திருப்பினோம் என்றே சொன்னார்கள். தாங்கள் செய்வது தங்களுக்கே தெரியாமல் அத்தனை பேரும் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள்!

சிறுவயதில் சுவரை உரசுவதுபோல சைக்கிள் ஓட்டி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவன் நான். சுவர் இடதுபுறம், விலகுவதற்காக வலதுபுறம் போக வேண்டும். வலதுபுறம் சாய, சக்கரம் முதலில் இடதுபுறம் வெட்ட வேண்டும். அங்கேதான் சுவர் இருக்கிறதே! விலக முயலும்போதெல்லாம் சுவர் என்னைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. அந்தச் சுவரில் ஏதோ இருக்கிறது என்று நண்பர்களுக்குள் ஒரு பேய்க்கதைகூட உருவானது. பேய் ஹேண்டில்பாரில் இருந்ததை அறிய எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

குழந்தையை எப்படித் தொடங்கவைப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் பூட்டும் துணைச் சக்கரங்களைக் கழற்றி வீசுங்கள். அவை பூட்டிய சைக்கிள் சாயாது. சாயாத வண்டியில் இடதுபுறம் திருப்பினால்தான் இடதுபுறம் போகும். அதாவது குழந்தையின் கை பாடத்தைத் தலைகீழாகக் கற்றுக்கொள்கிறது. துணைச் சக்கரத்தைக் கழற்றிய நாளில் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. பெடல் இல்லாமல், காலால் உந்தி ஓட்டும் சைக்கிளில் இந்தக் குழப்பம் இல்லை. இரண்டு மூன்று வயதில் அதில் தவழ்ந்து பழகிய குழந்தைக்கு எதிர்த்திருப்பம் உடம்பில் ஊறிவிடுகிறது. எஞ்சின் அதற்குப் பிறகு வரட்டும்.

சாய்ந்த வண்டியின் முன்சக்கரம் ஏன் தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது? சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவு ஒரு காரணம். ஹேண்டில்பாரின் அச்சைத் தரைவரை நீட்டினால் டயர் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருப்பது இன்னொரு காரணம் என்று பாடநூல்கள் சொல்லும். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக்குழு இந்த இரண்டையுமே நீக்கிவிட்ட ஒரு சைக்கிளைச் செய்து காட்டியது. ஆள் இல்லாமல் தள்ளிவிட்டால் அதுவும் விழாமல் ஓடியது! எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்தே கணக்கில் வருகிறது. சைக்கிள் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் இப்படி ஒரு கட்டுரைக்கு இடமிருந்தது என்பது எனக்கு வியப்பைவிட எரிச்சலைத்தான் தருகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தைத் தேட நிதி கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகள் நாள்தோறும் விழுந்து எழும் ஒரு கருவிக்கும் நாலு காசு ஒதுக்கலாம்.

சரி, மினி எதற்கு? வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகத்தின் வர்க்கமும் வளைவின் ஆரமும் முடிவு செய்கின்றன. எடைக்கு அதில் பங்கு இல்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும் குழந்தை ஏறத்தாழ 45 டிகிரி சாய வேண்டும். 144 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பெரிய பைக்கும் அதே 45 டிகிரி சாய, வளைவின் ஆரம் சுமார் 160 மீட்டர் இருக்க வேண்டும். வேகம் நாலில் ஒன்று, வளைவு பதினாறில் ஒன்று, அனுபவம் அதேதான். விழுந்தால்? உராய்வு எண் 0.5 என்று வைத்துக்கொண்டால், தோல் உடையோடு குழந்தை சறுக்கி நிற்க 10 மீட்டர் போதும். பெரியவருக்கு 160 மீட்டர் வேண்டும். பைக் பந்தயத்தில் பலமுறை உலக சாம்பியனான இத்தாலியர் வாலன்டினோ ரோஸ்ஸியே, கார்ட் என்னும் குட்டிக் கார் பந்தயத்தின் செலவு கட்டுப்படியாகாமல் மினி பைக்குக்கு வந்தவர். 10 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்காக, எஃப்ஐஎம் என்னும் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 2021இல் மினிஜிபி என்ற மினி பைக் பந்தயத் தொடரைத் தொடங்கியது.

இன்னொரு வித்தியாசம், எடை. பைக் பந்தயங்களின் உச்சமான மோட்டோஜிபியில் ஓடும் வண்டி குறைந்தது 157 கிலோ இருக்க வேண்டும். 65 கிலோ வீரர் அதில் ஏறினால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 25 கிலோ குழந்தையோ, ஏறத்தாழ அதே எடையுள்ள வண்டியில் பாதியாகிவிடுகிறாள். ஆகவே அவள் இடுப்பை நகர்த்தினால் வண்டி உடனே கேட்கிறது. உடம்பைச் சாய்த்தே திரும்பிவிடலாம் என்ற நினைப்பும் அங்கிருந்துதான் வருகிறது. கீத் கோட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஒரு பெரிய பைக்கில், அசையாதபடி இரண்டாவது ஹேண்டில்பார் ஒன்றைப் பொருத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எப்படி வளைத்தாலும் வண்டி ஒழுங்காகத் திரும்ப மறுத்தது. வண்டி எதுவானாலும் வளைவுக்குள் நுழைக்கும் வேலை கையுடையது.

பெற்றோர் கையில் இருப்பது ஹெல்மெட். “வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம்” என்பது சட்டைக்குப் பொருந்தும், ஹெல்மெட்டுக்குப் பொருந்தாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்குவதால்தான் தலை சட்டென்று நிற்காமல் சற்று மெதுவாக நிற்கிறது. தொளதொளவென்று இருந்தால் நசுங்க வேண்டிய இடம் தலைக்கு நேராக இருக்காது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. எடை குறைந்ததாகவும் பாருங்கள், சுமப்பது பிஞ்சுக் கழுத்து.

கடைசியாக ராசி. பந்தயக் களத்தில் ராசியான கையுறை, ராசியான எண், இந்தப் பக்கமாக ஏறினால்தான் ஆகும் என்று ஏராளம் உண்டு. முதல் சுற்றிலேயே விழுந்தால் “இன்றைக்கு நேரம் சரியில்லை” என்பார்கள். சரியில்லாதது டயரின் வெப்பம். ரப்பர் சூடேறினால்தான் தரையைப் பற்றும். குளிர்ந்த ரப்பர் வழுக்கும். ஜெர்மனியின் சாக்சன்ரிங் களத்தில் 13 வளைவுகளில் 10 இடதுபுறம். தொடர்ந்து இடதுபுறமே சாய்ந்து வந்தவர்கள் 11ஆவது வளைவில் திடீரென்று வலதுபுறம் சாய வேண்டும். டயரின் அந்தப் பக்கம் அதற்குள் ஆறியிருக்கும். உலகின் தேர்ந்த வீரர்களே அங்கே விழுந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மகள் பயிற்சி முடித்து வண்டியை நிறுத்தி, எஞ்சின் அணைந்ததும் சைலன்சரில் கை படாமல் குனிந்து, பின்டயரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்க வளைவுகள் அந்தக் களத்தில் அதிகம் என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.