மோசம என்றால் மோசமில்லை: ‘நகர்த்தல் பத்திரம்’

தாபரிப்புக் கேஸுக்காக, அதாவது குடும்பச் செலவுக்குக் காசு கேட்கும் கேஸுக்காக, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த அக்கா ஒருவரிடம், சட்டத்தரணியின் உதவியாளர் “மோசம ஒன்னு போடணும்” என்றார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “கேஸு அவ்வளவு மோசமாங்க?” கேஸுக்கு ஒன்றுமில்லை. கேஸைக் கூப்பிடும் அடுத்த தவணை மூன்று மாதம் தள்ளி விழுந்திருந்தது. அதை முன்னுக்கு எடுக்க ஒரு தாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘மோசம’ சிங்களச் சொல். ஆங்கிலத்தில் மோஷன் (motion) என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், பெட்டிஷனைப் ‘பெத்சம’ என்பதுபோல. மலையக நீதிமன்றங்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பதால் நம் காதில் முதலில் விழுவது இதுதான். இலங்கைத் தமிழில் இதற்கு நகர்த்தல் பத்திரம் என்று பெயர்.

மோஷனின் லத்தீன் வேருக்கு அசைத்தல் என்று பொருள். சட்டத்தரணி கேட்க, நீதிமன்றம் அசைய வேண்டும். தமிழில் ‘நகர்’ என்றால் மெல்ல மெல்ல ஊர்வது. நம் வழக்குகளின் வேகத்துக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகிறது! இதே ஆங்கிலச் சொல் பாராளுமன்றத்துக்குப் போனால் பிரேரணை ஆகிவிடும். நம்பிக்கையில்லாப் பிரேரணை என்கிறோமே, அது.

சரி, ‘பத்திரம்’ எதற்கு? சிவில் வழக்குகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டமான, 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 91ஆம் பிரிவைப் பார்த்தால் புரியும். நடக்கிற வழக்கின் இடையில், வழக்கமான படிகளில் சேராத ஒன்றைக் கேட்பதுதான் மோஷன். அதை எழுத்திலும் கொடுக்க வேண்டும். அதாவது கேட்பது நகர்த்தல், கொடுக்கும் தாள் பத்திரம். மொழிபெயர்த்தவர் யாரோ, பிரிவை ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

எதற்கும் ஒரு மோஷன் போட்டால் போதும் என்ற குழப்பம் வெளிநாட்டு யூடியூபில் தொடங்குகிறது. அமெரிக்கக் குடும்ப நீதிமன்றத்தில் தற்காலிகப் பிள்ளைப் பொறுப்புக்கு ஒரு மோஷன், பழைய கட்டளையை மாற்ற ஒன்று, கட்டளையை மீறியவரை இழுக்க ஒன்று. இங்கே எல்லாவற்றையும் நகர்த்தல் பத்திரத்தில் ஏற்ற முடியாது. தாபரிப்பு கேட்க, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம். பிள்ளை பெரிதாகிச் செலவு கூடிவிட்டதா, தொகையைக் கூட்டக் கேட்பதும் விண்ணப்பம்தான். கட்டாமல் இழுத்தடிக்கிறாரா, சம்பளத்திலேயே பிடித்துத் தரும்படி அவர் வேலை செய்யும் நிர்வாகத்துக்கே கட்டளை போகும்படி கேட்கலாம். விவாகரத்து என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கே தொடுக்க வேண்டும். அது முடியும்வரை செலவுக்குக் கேட்பது மனு.

விண்ணப்பம் இதற்கெல்லாம் மூத்த சொல், வடமொழி ‘விஜ்ஞாபன’த்தோடு உறவுள்ளது. பல்லவர் செப்பேடுகளிலேயே ஒருவர் ‘விண்ணப்பத்தால்’ அரசன் நிலம் கொடுக்கிறான். மோஷனுக்கும் இதையே வைக்கலாமே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கௌண்டரில் எந்தத் தாளைக் கேட்பது?

அக்காவின் பத்திரம் நாலே வரிதான். எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் பிரதி அனுப்பி, அந்த ரசீதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கையெழுத்து வைக்கும்போதும் அக்கா ஒருமுறை கேட்டார்: “மோசம் இல்லீங்களே?”